கிரிக்கெட் கார்டில் சந்தனப் பொட்டு

1

என் மகன் நல்லவன். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். கீழே வருவதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் நீங்கள் யாரும் அவனை ஏசக்கூடாது. ஏசியே ஆகவேண்டும் என்றால் என்னை ஏசுங்கள். எனக்குப் பழக்கம் இருக்கிறது. என் மனைவி மனோ உயிரோடு இருந்தவரை அந்த வேலையை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மனோ போய் இந்த மாதத்தோடு மூன்று வருடம். திதி வியாழக்கிழமையில் வந்தது. திவசத்தைச் சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். லண்டனில் செத்தவர்களும் வீக்கெண்ட் பார்த்துத்தான் வரவேண்டும். கிழமை நாளில் வந்தால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் ஒரு பார்சல் வந்தது. கபிலன் அனுப்பியிருந்தான். அவன்தான் எங்கள் ஒரே பிள்ளை. மனைவி எம்மாவோடு லீட்ஸில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று கேட்டால் பொறுமையாக விளக்குவான். விளக்கி முடிக்கும்போது எனக்கு முதலில் விளங்கியிருந்ததும் போய்விடும்.

பார்சலின் மேல் அவனுடைய கையெழுத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, என்னுடைய கார்டுகள் திரும்பி வந்துவிட்டன. கோடையில் வந்தபோது ஒரு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான். ஆனால் நான் கொடுத்த ஆல்பம் இந்தக் கனம் இல்லை. இது செங்கல் மாதிரிக் கனத்தது. அது என்ன ஆல்பம் என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

2

நான் கிரிக்கெட் பைத்தியம். விளையாடுகிற பைத்தியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மட்டையோடு இறக்கினால் பந்து என்னைத் தேடி வந்து முழங்காலில் அடிக்கும். நான் பார்க்கிற பைத்தியம், கேட்கிற பைத்தியம், எல்லாவற்றுக்கும் மேலே சேர்க்கிற பைத்தியம். யாழ்ப்பாணத்தில் சூயிங்கம் பக்கற்றுக்குள் ஆட்டக்காரர்களின் படம் வைத்து வந்த காலம் ஒன்று இருந்தது. சூயிங்கத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டுப் படத்தை நான் வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்ததெல்லாம் இடம்பெயர்ந்தபோது போயிற்று. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் எல்லாமும் போன நேரத்தில் சூயிங்கம் படத்துக்கு அழுதேன் என்றால் சனம் சிரிக்கும்.

லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறை எடுத்தேன். முதலில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பிறகு ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் டிக்கெட் கதவடியில் நின்றேன். முதல் குளிர்காலத்திலேயே, பழைய சாமான் விற்கிற ஒரு சாரிட்டிக் கடையில், பிஸ்கட் டின்னுக்குள் கொஞ்சம் கார்டுகள் கிடந்தன. ஒரு காலத்தில் இங்கே சிகரெட் பெட்டிக்குள் வந்தவையாம். தொப்பி போட்ட, மீசை முறுக்கிய, நான் பிறக்க முன்பே செத்துப்போன ஆட்டக்காரர்கள். குளிருக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். வெளியே வரும்போது டின் என் கக்கத்துக்குள் இருந்தது. பழைய வியாதி திரும்பிவிட்டது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கார் பூட் சேலில் போயின. வெறும் வெளியில் கார்களை வரிசையாக விட்டு, பின்கதவைத் திறந்து, வீட்டுக்கு வேண்டாததைப் பரப்பி விற்பார்கள். ஓட்டைத் தேநீர்க் கேத்தலுக்கும் குழந்தைச் சப்பாத்துக்கும் நடுவில் எனக்கு வேண்டியது கிடக்கும்.

ஒரு கார்டை எப்படி ரசிப்பது என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். முதலில் முகத்தைப் பார்க்கவேண்டும். அவசரப்படாமல், மூலைகளைத் தொடாமல். பிறகு திருப்பவேண்டும். பின்பக்கத்தில் எங்கே பிறந்தார், எந்தக் கையால் ஆடுவார், எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்று ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கும். திரும்பவும் முகத்துக்கு வரவேண்டும். இப்போது அது வேறு முகமாக இருக்கும். ஆட்டத்தில் தோற்றவனா வென்றவனா என்று தெரிந்துகொண்டு பார்க்கிறீர்கள் அல்லவா.

பழைய புத்தகங்களில் வேறு சுகம். முதல் பக்கத்தில் யாரோ எழுதியிருப்பார்கள்: ‘பீட்டருக்கு, கிறிஸ்மஸ் அன்புடன், மாமா.’ பீட்டரின் புத்தகம் என் அலுமாரிக்கு வந்துவிட்டது. பீட்டர் எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருக்கலாம். மைதானத்தில் வாங்கி, ஆட்டம் பார்த்துக்கொண்டே பென்சிலால் நிரப்பிய ஸ்கோர் கார்டுகளும் வைத்திருக்கிறேன். சிலது நாலாவது விக்கெட்டோடு நின்றுபோயிருக்கும். மழை வந்ததா, வயிறு வலித்ததா, பக்கத்து இருக்கையில் பழைய சிநேகிதன் யாரும் வந்து குந்தினானா, தெரியாது. முழுதாக நிரப்பியதைவிட எனக்கு அவைதான் பிடிக்கும்.

கோப்பை வென்ற ஒரு அணியின் படம் போட்ட குடிக்கிற கோப்பை ஒன்றும் இருந்தது. அதை மனோ எடுத்து அரிசி அளக்க வைத்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன். “உங்களுக்கும் எனக்கும் கணக்கா இருக்கு, விடுங்கோ” என்றாள். இப்போதும் அரிசிப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. அரைக் கோப்பை போட்டால் எனக்கு இரண்டு நேரத்துக்குக் காணும்.

3

மனோவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ஐந்து நாள் விளையாடிவிட்டு, ஒருத்தரும் வெல்லாமல் கைகொடுத்துக்கொண்டு போகிற விளையாட்டை அவளால் மன்னிக்க முடியவில்லை. “வேலைமினக்கெட்ட சனம்” என்பாள். சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பாள்.

கலியாணம் முடித்து மனோ இங்கே வந்த முதல் நவராத்திரி. கபிலன் அவள் வயிற்றில். கலண்டரில் வெட்டிய சரஸ்வதி படம், செம்பில் கும்பம், அவல், கடலை, எல்லாம் ஆயத்தம். புத்தகம்தான் இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்தாள்.

“இஞ்சருங்கோ, பூசைக்கு வைக்க ஒரு புத்தகம் இல்லையே இந்த வீட்டிலை?”

“என்ரை கிரிக்கெட் புத்தகம் இருக்கு” என்று பகிடிக்குச் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்கள் படிக்கிறது உதுதானே. அப்ப உதுதான் புத்தகம்.”

புத்தகத்தை வைத்து, அதற்கு மேலே என் புதுக் கார்டு ஒன்றையும் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு விரல் ஆட்டக்காரரின் முகத்தை நோக்கிப் போவதைக் கண்டு நான் பாய்ந்து தடுத்தேன்.

“மனோ, அதிலை வையாதையும். ஒரு புள்ளி பட்டாலும் பெறுமதி போயிடும்.”

“சந்தனம் பட்டாப் பெறுமதி போற சாமானை ஏன் வீட்டுக்கை வைச்சிருக்கிறியள்?”

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். முகத்தில் வைக்கக்கூடாது. பின்பக்கத்தில், எண்களுக்குக் கீழே, வலது மூலையில் வைக்கலாம். அவள் கார்டைத் திருப்பி, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதற்கு மேலே ஒரு பொட்டளவு குங்குமம் வைத்தாள். அந்தக் கார்டைத் தேடி நான் மூன்று ஊர் அலைந்திருந்தேன்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு கார்டு. அந்த வருடம் சேர்ந்தவற்றைக் கட்டிலில் பரப்புவேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். “இந்த வருசம் ஆர்?” என்பாள். நான் ஓட்டக் கணக்கோடு ஒரு பெரிய ஆட்டக்காரரைச் சிபாரிசு செய்வேன். அவள் எண்களைப் பார்க்கவே மாட்டாள். முகத்தைப் பார்ப்பாள்.

“உவர் வேண்டாம். சிரிப்புச் சரியில்லை.”

“மனோ, உலகத்திலையே இவருக்கு மேலை ஆளில்லை.”

“இருக்கட்டும். இவரை எடுங்கோ. தாயை நல்லாப் பாத்த முகம்.”

அப்படித்தான், இரண்டே இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் சொதப்பிவிட்டு வீட்டுக்குப் போன ஒருவருக்கு எங்கள் வீட்டில் பொட்டுக் கிடைத்தது. “பாவம், சாப்பாடு காணாத பிள்ளை மாதிரி இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னாள். வருடாவருடம் நான் வாதாடினேன். ஒருமுறையும் வென்றதில்லை. பூசைக்கு வைத்தால் விஜயதசமி காலைவரை யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது. வீட்டுப்பாடம் இல்லை என்று கபிலனுக்குச் சந்தோசம். எனக்குக் கை துறுதுறுக்கும். அவள் குசினியில் இருந்தபடியே, “அங்கை என்ன சத்தம்?” என்று கேட்பாள்.

பொட்டு வைத்த கார்டுகளுக்கென்று ஒரு தனி ஆல்பம் வைத்தேன். முதல் வருடங்களின் பொட்டு சின்னதாக, வட்டமாக இருக்கும். கபிலன் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை எடுத்த வருடம் ஒரு பங்கு கூடுதலாக அப்பியிருக்கிறாள். சரஸ்வதிக்கு லஞ்சம். கடைசி வருடம், மருந்தால் அவளுடைய கை வீங்கி, சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றியிருந்தோம். விரல் நடுங்கிப் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டுவிட்டது.

“பழுதாக்கிப்போட்டனோ?”

“இல்லை, நல்லாயிருக்கு.”

“பொய் சொல்லாதையுங்கோ” என்றாள்.

மனோ அதிகம் எழுதுகிறவள் இல்லை. படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிவிடுவாள். அவளுடைய சேலைகளைத் தங்கைமார் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இது மனோவின் கை பட்டது என்று எடுத்துப் பார்க்க என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த ஆல்பம்தான். அவள் போனபிறகு நான் ஒரு கார்டுக்கும் பொட்டு வைக்கவில்லை. எனக்கு எண் பார்க்கத்தான் தெரியும், முகம் பார்க்கத் தெரியாது.

4

கவுன்சிலில் இருந்து வருடாவருடம் கேட்பார்கள், நீங்கள் இன்னும் தனியாகத்தான் வசிக்கிறீர்களா என்று. வீட்டில் ஒற்றை ஆள் என்றால் வீட்டு வரியில் ஒரு பங்கு கழிவு உண்டு. ஓம் என்று பதில் அனுப்புவேன். நான் தனியாக இருக்கிறேனா என்று ஒழுங்காக விசாரிக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான், அதுவும் கழிவை நிற்பாட்டலாமா என்று பார்க்க. முதன்முறை போனில் சொல்லும்போது நான் நம் ஊர் இங்கிலீசில், மை வைஃப் எக்ஸ்பயர்ட் என்றுவிட்டேன். அந்தப் பக்கத்துப் பிள்ளை, அவருடைய விசாவா என்று கேட்டாள். மனோ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

கபிலன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்பது மட்டும் தமிழ். நான் ஓம் என்றதும் ஆங்கிலம் தொடங்கிவிடும். குறை சொல்லவில்லை. அவன் மறக்காமல் வருகிறான். ஆனால் கதைக்கிற விசயம் கெதியாக முடிந்துவிடும், பிறகு இரண்டு பேரும் காலநிலையைப் பார்ப்போம். லீட்ஸில் மழையாம். இங்கேயும் மழைதான்.

அதனால்தான், கோடையில் வந்திருந்தபோது, “அப்பா, அந்த ஸ்பெஷல் ஆல்பத்தை நான் கொஞ்ச நாள் கொண்டுபோகவா?” என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் ஒரு கார்டைக் கூடத் திரும்பிப் பார்க்காதவன். ரயிலுக்கு நேரமாகும்வரை ஒவ்வொரு கார்டாக எடுத்து, யார் எங்கே எப்படி ஆடினார் என்று சொல்லித்தள்ளினேன். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவனுடைய கணக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைத்த அதே விரலால்தான் அவள் கார்டுக்கும் வைத்தாள். பெற்ற தாயின் பொட்டை மகனுக்கு யாராவது அறிமுகம் செய்து வைப்பார்களா?

புதன்கிழமை பின்னேரம் அவன் வீடியோவில் இருக்கும்போதுதான் பார்சலைத் திறந்தேன். அப்படித்தான் திறக்கவேண்டும் என்று கேட்டிருந்தான். ஆல்பம் இல்லை. ஒவ்வொரு கார்டும் தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் நாலு பக்கமும் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சின்ன லேபிளில் கார்டின் தரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தார்கள். முகங்கள் நேற்று அச்சடித்தது போலப் பளிச்சென்று இருந்தன. ஒன்றைத் திருப்பினேன். வலது மூலை வெள்ளையாக இருந்தது. இன்னொன்றைத் திருப்பினேன்.

“பின்பக்கம் எல்லாத்திலும் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அழுக்கு, அப்பா” என்றான் கபிலன் ஆங்கிலத்தில். “கிச்சனில் பட்டிருக்கும். அப்படியே சீல் பண்ண ஏலாது என்று இந்த உறை போட்டுத் தருகிற ஆள் சொன்னார். ஒவ்வொன்றாகத் தன் கையால் சுத்தம் செய்தார். திவசத்துக்கு முதல் உங்களுக்குக் கிடைக்கவேணும் என்று நான்தான் அவரைப் போட்டு விரட்டினேன். இந்தக் கிழமை நீங்கள் கவலையாக இருப்பீர்கள் என்று தெரியும்.”

அவனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளையின் முகம்.

“நல்லாயிருக்கு தம்பி” என்றேன்.

“உண்மையா?”

“ஓம். நல்ல வடிவா இருக்கு.”

அவன் வீடியோவை நிற்பாட்டியபிறகு எல்லாவற்றையும் யன்னலடிக்குக் கொண்டுபோய் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கார்டுகள் பளபளப்புப் பூசியவை. சாயம் பிடிக்கவில்லை, துடைத்ததும் போய்விட்டது. ஒரு நிழல்கூட மிச்சமில்லை. எனக்குக் கோபம் வந்தது. சட்டி பானையைத் தூக்கி எறிகிற கோபம். யாரில் என்று தெரியவில்லை. கபிலனில், அந்தத் துடைத்த ஆளில், நாலு வரி தன் கையால் எழுதிவைக்காமல் போன மனோவில். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

5

வியாழக்கிழமை பஸ் எடுத்து டூட்டிங் போனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் டாக்டர் சேகர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர், ஓய்வு பெற்ற டாக்டர். என்னைப் போலவே கார்டுப் பைத்தியம். கார் பூட் சேல் ஒன்றில் ஒரே கார்டுக்கு இரண்டு பேரும் கை வைத்து அறிமுகமானோம். மனோவின் பொட்டு அவருக்குத் தெரியும். “உங்க கார்டுக்கு மட்டும்தான் சார் சரஸ்வதி கடாட்சம்” என்று கிண்டல் செய்வார்.

தேநீருக்கும் வடைக்கும் சொல்லிவிட்டு நான் ஒரு உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மனிதருக்குக் கண் விரிந்துவிட்டது.

“அட, சூப்பரா இருக்கே பாலன் சார். மூலையைப் பாருங்க, கத்தி மாதிரி நிக்குது. யாரு பண்ணினது?”

“மகன்.”

“உங்க பையன் தங்கம் சார்” என்றபடி திருப்பினார். திருப்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், மேடம் வச்ச பொட்டு?”

“போயிட்டுது டொக்டர். எல்லாத்திலையும்.”

வடை வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. அவர் உறையைத் துடைத்து என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“பையனுக்குத் தெரியுமா?”

“இல்லை. ஊத்தை எண்டு நினைச்சிட்டான்.”

“சொல்லிராதீங்க சார். கெட்ட சேதி எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். சொன்னதுக்கு அப்புறம் செய்யறதுக்கு ஏதாவது இருக்கணும். இதுல என்ன இருக்கு? பொட்டு திரும்பி வரப்போகுதா? அவன் காலம் பூரா அதையே நெனச்சுக்கிட்டு இருப்பான்.”

“எனக்கு ஆரிட்டையாவது சொல்லவேணும் போலை கிடக்கு.”

“எங்கிட்டச் சொல்லிட்டீங்கல்ல. அதோட விட்டுருங்க. பொட்டும் போயி பையனும் மனசு ஒடைஞ்சுட்டா உங்களுக்கு யாரு இருக்கா?”

அவர் சொன்னது சரிதான். பஸ்ஸில் திரும்பும்போது முடிவெடுத்துவிட்டேன். பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அவன் வீட்டுக்கு வரும்போது கார்டுகளை எடுத்துக் கொடுத்து, நல்லாயிருக்கு என்று இன்னும் இரண்டுமுறை சொல்லவேண்டும், அவ்வளவுதானே. வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். சவரம் செய்யாத கிழவன் ஒருவன் பொய் சொல்வது நன்றாகத் தெரிந்தது.

6

சனிக்கிழமை கபிலனும் எம்மாவும் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். எம்மா கைகழுவிவிட்டு நேரே குசினிக்குள் வந்து வாழைக்காய் சீவத் தொடங்கினாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். எல்லாம் மனோவுக்குப் பிடித்தவை. என் சமையல்தான் அவளுக்குப் பிடிக்காது. உப்புக் காணாது என்பாள். அதனால் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்.

கபிலன் கார்டுகளைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். “நல்லாயிருக்கு” என்று ஒருமுறை சொன்னேன். அவன் நம்பினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது.

முன்னறையில் மனோவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். செத்தவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம். கொஞ்சம் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும். எம்மாவுக்கு அதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எங்கள் வீட்டு நடை ஒடுக்கமானது. சப்பாத்துகளுக்கு நடுவில் மூன்று பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றோம். யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

சும்மா நிற்கத் தெரியாத தலைமுறை. கபிலன் போனை எடுத்தான்.

“எம்மா, இதைப் பார்” என்று மெல்லிய குரலில் சொன்னான். “அப்பாவின் கார்டுகள். அந்த ஆள் சுத்தம் செய்ய முதல் எடுத்ததும், செய்தபிறகு எடுத்ததும் அனுப்பியிருக்கிறார்.”

நான் அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. திரையில் முதல் கார்டின் பின்பக்கம். வலது மூலையில் சின்னதாக, வட்டமாக, சந்தனமும் நடுவில் குங்குமமும். விரலைத் தள்ளினான், வெள்ளை. தள்ளினான், பொட்டு. தள்ளினான், வெள்ளை. வருடம் வருடமாக மனோ வந்து வந்து போனாள். சோதனை எடுத்த வருடத்துப் பொட்டில் அவளுடைய விரல் ரேகை அப்படியே பதிந்து கிடந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

“இதுதான் எல்லாத்திலும் மோசம்” என்றான் கபிலன். கடைசிக் கார்டு. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினான். ஒரு பக்கமாக இழுபட்ட பொட்டு திரை முழுக்க வந்து நின்றது. “எவ்வளவு ஊத்தை பார்.”

“அது அம்மா” என்றேன்.

சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கபிலன் திரும்பினான். எம்மா போனைப் பார்த்தாள், பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

“சரஸ்வதி பூசைக்கு அம்மா வைச்ச பொட்டு, தம்பி. கடைசி வருசம் கை நடுங்கினது. அதுதான் இழுபட்டிருக்கு.”

“எல்லாமா?” என்று கேட்டான். தமிழில் கேட்டான்.

“எல்லாம்.”

அவன் முகம் எப்படி ஆனது என்று நான் எழுதமாட்டேன். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் மூன்று நாள் பாடுபட்டேன். டாக்டர் பயந்ததுதான் நடந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“அப்பா, அம்மா இதெல்லாம் வைக்கேக்க நான் எங்கை இருந்தனான்?”

“சின்னனிலை அம்மாவுக்குப் பக்கத்திலைதான் இருந்தனீ. ரீவி பாத்துக்கொண்டு.”

அவன் போனுக்குத் திரும்பினான். விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி முதல் கார்டுக்குப் போனான். அவன் பிறக்க முதல் வைத்த பொட்டு அது. அதைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். எம்மா அவனுடைய முதுகில் கை வைத்தாள். அவன் அடுத்த பொட்டுக்குப் போக வெகுநேரம் எடுத்தது.

கதவைத் தட்டித் திறக்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. உள்ளே கறி ஆறிக்கொண்டிருக்கும். நான் தட்டவில்லை. அவன் இன்னும் இரண்டாவது வருடத்துப் பொட்டில்தான் நின்றான்.